சிவப்பு மிதவை

“திருடன் இதே படகுலதான்மா இருக்கான். நீ மிஷினை இறக்கு, போதும்.”

கடலடியைப் படம் பிடிக்கும் ரோபோவை வாடகைக்குக் கொண்டுவந்த பெண் சுற்றிப் பார்த்தாள். படகில் நாங்கள் மூன்றே பேர். அவள், நான், ரோபோவின் வயரைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்த என் மச்சினன்.

அரசாங்கம் எனக்குக் குத்தகைக்கு விட்ட கடலடியில் சிப்பி வளர்க்கிறேன். முங்கி வேலை பார்ப்பவன் அவன். மூன்று மாதமாகத் தினமும் இரண்டு மணி நேரம் முங்குகிறான்; அரைக் கூடைச் சிப்பியோடு மேலே வருகிறான். மீதி எங்கே? சந்தையில் கூடை சுமந்து, ஏமாந்து, அடிபட்டு முதலாளியானவன் நான். எனக்கா தெரியாது?

“என் தம்பியா? எறும்பு கடிச்சாக்கூட அதுகிட்ட மன்னிப்புக் கேட்பானே!” என்றாள் மனைவி, காலையில் வீட்டில்.

“அப்போ சிப்பியெல்லாம் ரெக்கை கட்டிப் பறந்துச்சா?” என்று கத்திவிட்டுத்தான் கிளம்பினேன்.

அடுத்த வாரம் மீன்வள இலாகா ஆட்கள் வந்து சரிபார்ப்பார்கள். சிப்பி குறைந்தால் குத்தகை போச்சு. அதற்குள் இவனைக் கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும்.

அந்த அவசரத்திலும் வாடகையில் நான் விடவில்லை.

“நூறு மீட்டர் வயர் எனக்கெதுக்கு? மூணு ஆள் ஆழம்தான். இந்தா, குத்தகைப் பத்திரம். இந்தத் துண்டு இடத்துக்கா முழு வாடகை?”

அவள் பத்திரத்திலிருந்த அளவுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டு, பாதிக்கு இறங்கி வந்தாள். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

“அந்தச் சிவப்பு மிதவைதான் என் கிழக்கு எல்லை. அதை ஒட்டி இறக்கு.”

ரோபோ முங்கியது. திரையில் மணல். வெறும் மணல். ஒரே ஒரு நண்டு. அதுவும் எங்களைப் பார்த்து ஓடியது.

“பார்த்தியா! வழிச்சு வித்துட்டான்! ரிப்போர்ட்ல ‘திருட்டு’ன்னு எழுதும்மா. பேரை நான் சொல்றேன். டேய், நாளைலேர்ந்து வேலைக்கு வராதே. உங்க அக்காகிட்ட நீயே சொல்லிக்க!”

என் குரலுக்குப் படகே ஆடியது. அவன் வயரை விட்டுக்கொண்டே இருந்தான்.

“சார், கொஞ்சம் கத்தாம இருக்கீங்களா? இன்னும் உங்க இடத்துக்கே வரல.”

“என்னது? இது என் மிதவைம்மா!”

“மிதவை உங்களோடது. இடம் பக்கத்துக் குத்தகைக்காரரோடது. பத்திரப்படி உங்க எல்லை நாற்பது மீட்டர் மேற்கே இருக்கு.”

ரோபோ மேற்கே நகர்ந்தது. திரை முழுக்கச் சிப்பி. ஒன்றின் மேல் ஒன்றாக, நண்டு நுழையக்கூட இடமில்லாமல்.

“ஒண்ணுகூட வெளில போகல மாமா” என்றான் மச்சினன். “மிதவைப் பக்கம் நாம வளர்த்ததை மூணு மாசமா கூடை கூடையா நம்ம பக்கம் கொண்டுவந்து போட்டேன். இலாகாவும் இந்த மாதிரி மிஷின்தான் கொண்டு வருது. அது மிதவையைப் பார்க்காது, பத்திரத்தைத்தான் பார்க்கும்.”

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாடா?”

“சொன்னா, மிதவையை நகர்த்தினது யாருன்னு கேட்டாகணுமே மாமா.”

மூன்று வருடத்துக்கு முன் ஒரு மழை நாளில் அதைக் கிழக்கே இழுத்துக் கட்டிய என் கை, எங்கே வைப்பதென்று தெரியாமல் மடியில் கிடந்தது.

அந்தப் பெண் பேனாவோடு நிமிர்ந்தாள்.

“ ‘திருட்டு’ன்னு எழுதிட்டேன் சார். பேரைச் சொல்றேன்னீங்களே?”