மாரப்பனின் கையும் முட்டைக் குழுவும்

நாமக்கல் பக்கத்து முட்டை ஆலை ஒன்றில் வெளி இணையம் எட்டிக்கூடப் பார்க்க முடியாது. அங்கே வேலை செய்பவர்களின் செயற்கைக் கைகளுக்கும் அதே சட்டம்தான். மென்பொருள் திருத்தம் எதுவானாலும், பொறியாளர் ரெஜினா அன்று காலையில் நிறுவி முடித்த பேட்ச் சர்வர் வழியாகத்தான் வர வேண்டும்.

முதல் ஆளாக வந்து நின்றவர் பாரம் ஏற்றும் மாரப்பன்.

"அம்மிணி, இந்தக் கைக்குப் பிடி ரொம்ப இறுக்கமுங்க. பொறந்து இருவது நாளாச்சு, புள்ளைய இன்னும் நான் தூக்கல. சாயங்காலம் பேர் வெக்கறோம்."

அங்கேதான் பாருங்கள், ஒரு சிக்கல். சர்வரில் உள்ள ஏதாவது ஒரு கருவிக் குழுவில் கையைச் சேர்த்தால்தான், அந்தக் குழுவுக்கான திருத்தம் இறங்கும். மனிதர் அணியும் கைக்கென்று குழு இல்லை. புதிதாகத் தொடங்க, தலைமை அலுவலகத்தின் அனுமதிக்கு ஒரு வாரம் ஆகும். ரெஜினா பட்டியலைப் பார்த்தாள். லாரி, டிராலி, முட்டையை எடுத்துத் தரம் பார்க்கும் இயந்திரம்.

"முட்டையோட சேத்துடட்டுமாண்ணா?"

"ஒடையாம எடுக்குமில்லீங்க? போடுங்க."

சாயங்காலம் தொட்டிலைச் சுற்றி எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கை பூப்போல இறங்கிப் பிள்ளையை எடுத்தது. பிள்ளை விழிக்கவே இல்லை. ஆனால் கை அதோடு நிற்கவில்லை. பிள்ளையை விளக்குக்கு நேரே உயர்த்தி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மெதுவாகத் திருப்பியது.

"ஏனுங்க, என்ன பண்றீங்க?" என்றாள் மனைவி கௌசிகா.

மாரப்பனுக்கு வாயெல்லாம் பல்.

"கீறல் இருக்குதான்னு பாக்குது கண்ணு. ஒண்ணுமில்ல. முதல் தரம்."