மணி அடித்த பிறகும்

எதிர்வீட்டு ரூபினிக்கு ஏடிஎச்டி, ஓரிடத்தில் கவனம் நிலைக்காத துறுதுறுப்பு என்று டாக்டர் சொன்னபோது, "ரோத்தான் பிரம்பு ஒண்ணு வாங்கு லா கோகிலா, தானா உட்காரும்" என்று வைத்தியம் சொன்னவள் நான்தான். அவள் அம்மா கோகிலாவோ, நிமிடம் வைத்தால் மணியடிக்கும் முட்டை வடிவக் கடிகாரம் வாங்கினாள். மணி அடிக்கும்வரை கணக்கு, அடித்தால் நடைவழியில் ஓட்டமாம். ஒரு கணக்குத்தாளை முழுதாக அந்தப் பிள்ளை முடித்ததே இல்லை. இன்று எங்கள் ஜெலுத்தோங் அடுக்குமாடி வெயிலில், துவைத்த சாரோங் கைலியை உதறியபடி பார்க்கிறேன். செருப்பு அலமாரிமேல் தாளை வைத்து, கால் தாளம் போட, நின்றபடியே எழுதுகிறாள் ரூபினி. மணி அலறுகிறது. அவள் ஓடவில்லை. "இரும்மா, கடைசிக் கணக்கு!" கோகிலா கடிகாரத்தை அமுக்கி மணியை நிறுத்துகிறாள். பென்சில் பறக்கிறது. "முழுசா முடிச்சிட்டேன்! ஆண்ட்டி, நீங்கதான் இன்னும் அந்த சாரோங்க காயப்போட்டு முடிக்கல!"