ஆணி அடித்த ஜன்னல்

ஒரே ஒரு ஊரில் ஒரே ஒரு செருப்புத் தொழிற்சாலை இருந்ததாம். அதில் பசை பூசும் அறைக்கு நாலு ஜன்னல். நாலும் ஆணி அடித்து மூடியவை. காற்றுப் பட்டால் பசை சட்டென்று காய்ந்து, அடிப்பாகம் ஒட்டாது.

ஆனால் பசை இளக்கும் தின்னர் பீப்பாய் வருகிற நாளிலெல்லாம், சாப்பாட்டு இடைவேளை முடிந்து வந்தால் ஒரு ஜன்னல் கண்ணாடி உடைந்திருக்கும். பசை பூசும் பெண்கள், ஒட்டாத ஜோடிகளைப் பிய்த்து, மறுபடி பூசி, இடுப்பொடிந்துதான் வீடு திரும்புவார்கள்.

இன்று ஆள் அகப்பட்டுவிட்டார். ஸ்டோரில் தின்னர் அளந்து கொடுக்கும் பெரியவர். கையில் சுத்தியல், காலடியில் உடைந்த கண்ணாடி.

"நீங்களா?" கூட்டத்தில் மூத்தவள் கத்தினாள். "ஒரு டம்ளர் தின்னர் கேட்டா அரை டம்ளர் ஊத்துற கஞ்சன்னுதான் நெனச்சேன். இந்த வேலையும் உங்களோடதுதானா?"

சூப்பர்வைசர் ஓடி வந்தார். "பதினெட்டு வருஷம் உப்பைத் தின்னுட்டு, இந்தப் பொம்பளைங்க வயித்துல அடிக்கறியே? சாவியை வெச்சுட்டுக் கெளம்பு!"

பெரியவர் சாவிக்கொத்தை மேஜைமேல் வைத்தார்.

"நல்லா வேணும்," என்றாள் சின்னவள், மூக்கில் வழிந்த ரத்தத்தைத் துடைத்தபடி.

"மறுபடியும் வருதாடி?"

"சூட்டு உடம்பு, அக்கா."

பெரியவர் அவளையே பார்த்தார். சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்து மூத்தவளிடம் நீட்டினார். மண்டையோட்டுப் படம் போட்ட லேபிள்.

சூப்பர்வைசர் பிடுங்கப் பார்த்தார். அவள் விடவில்லை. எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"பென்சீன்... மூடிய அறையில் பயன்படுத்தாதீர். சுவாசித்தால்... ரத்தம் ஊறும் எலும்பு மஜ்ஜையை அழிக்கும்."

சின்னவள் தன் கையைப் பார்த்துக்கொண்டாள். எங்கும் இடிபடாமலே கன்றிப்போன நீலத் திட்டுகள்.

"எந்தப் பீப்பாயிலயும் இதை நாங்க பார்த்ததில்லையே!"

"பார்த்திருக்க மாட்டீங்க. பீப்பாய் வந்ததும் சுரண்டி எடுக்கணும்னு உத்தரவு. பதினெட்டு வருஷமா நான்தாம்மா சுரண்டினேன். சுரண்டின அன்னிக்கெல்லாம் ஒரு கண்ணாடியை உடைச்சேன். வாயைத் தொறக்கத்தான் தைரியம் வரலை."

யாரும் அவரைத் திட்டவில்லை. போகாதீங்க என்றும் சொல்லவில்லை. சூப்பர்வைசர் மெல்ல நழுவினார். சின்னவளைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு பெண்கள் வெளியேறினார்கள்.

மீதி மூன்று ஜன்னல்களையும் ஒருதரம் பார்த்துவிட்டு, கடைசியாகப் பெரியவரும் போனார். சுத்தியலை மட்டும் அங்கேயே வைத்துவிட்டு.