எட்டாவது கொடி

பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கு உடற்பயிற்சி பிடிக்காது என்று உலகெங்கும் நம்பப்படுகிறது. உடனே திருத்தப்பட வேண்டிய பிழை இது. உடற்பயிற்சி அவர்களுக்குப் பிடிக்கும். அடுத்தவர் முன்னால் மூச்சு வாங்குவதுதான் பிடிக்காது.

மெல்கர் மட்டும் விதிவிலக்கு. அவனுக்கு இரண்டுமே பிடிக்காது.

"வர்றான் பாருங்க, நம்ம நத்தை!" பஸ் ஜன்னலிலிருந்து டீரா கத்தினாள். "டேய், இன்னிக்கு வியாழக்கிழமைடா, பான்கேக் நாள்! நாம போறதுக்குள்ள ஸ்கூல்ல தீர்ந்துடும்!"

உடற்கல்வி ஆசிரியை குனில்லா கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டு மணி நேரத்துக்கு முன்பு, ஒன்பதாம் வகுப்பின் இருபத்து மூன்று பேரையும் வரைபடமும் திசைகாட்டியும் கொடுத்து வெஸ்டெரோஸ் ஊரை ஒட்டிய காட்டுக்குள் அனுப்பியிருந்தார். உள்ளே எட்டு இடங்களில் ஆரஞ்சுக் கொடி. ஒவ்வொரு கொடியோடும் ஒரு துளைப்பான். தேடிக் கண்டுபிடித்து, அட்டையில் எட்டு ஓட்டை போட்டுக்கொண்டு திரும்ப வேண்டும்.

இதில் தேறாவிட்டால் உடற்கல்வியில் தேர்ச்சி இல்லை. மெல்கருக்கு ஏற்கெனவே நாலு பாடங்கள் போயிருந்தன. இதுவும் போனால் மேல்நிலைப் பள்ளியில் அவன் கேட்ட பிரிவு கிடையாது.

அட்டையை நீட்டினான். ஏழு ஓட்டைகள்.

"எட்டாவது எங்க?"

"அது அங்க இல்ல, குனில்லா." அந்த ஊரில் ஆசிரியரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள்.

"மத்த இருபத்திரண்டு பேருக்கும் இருந்துச்சே?"

"தெரியல. குன்று மேல ரெண்டு தடவை ஏறிப் பார்த்துட்டேன். பாறை இருக்கு. எறும்புப் புத்து இருக்கு. கொடி இல்ல."

"இவன் ஏறினானாம்!" ஹாம்பஸ் சிரித்தான். "ஏறியிருந்தா நிலநடுக்கம்னு ரேடியோல சொல்லியிருப்பாங்களே!"

"நீ பார்த்தியா ஹாம்பஸ், எட்டாவதை?" என்றார் குனில்லா.

"பார்க்காம? உச்சியில, பைன் மரத்துல, பளிச்சுன்னு தொங்குச்சு."

"வலது பக்கக் கிளையில," என்று டீரா துல்லியம் சேர்த்தாள்.

குனில்லா மெல்கரிடம் திரும்பினார். "உடம்பை வளைக்காம எதுவும் கெடைக்காது மெல்கர். பொய் சொல்ற நேரத்துல பாதி தூரம் ஏறியிருக்கலாம். போ. இருபது நிமிஷம் தரேன்."

"மறுபடியுமா?"

"மறுபடியும்."

மெல்கர் குன்றை அண்ணாந்து பார்த்தான். ஷூ கயிற்றை இறுக்கிக்கொண்டு நடந்தான். மொத்த பஸ்ஸும் முனகியது.

ஒரு வாய் காபி குடிக்கலாமென்று குனில்லா தன் காரின் டிக்கியைத் திறந்தார்.

பிளாஸ்க்குக்குப் பக்கத்தில், ஒரு சொட்டு ஈரமில்லாமல், மடித்தபடி கிடந்தது ஓர் ஆரஞ்சுக் கொடி. எண் எட்டு. துளைப்பானும் அதிலேயே கட்டியிருந்தது.

காலை மழையில் ஏழு கொடிகளைக் கட்டி முடித்ததும், 'காபி குடித்துவிட்டுக் குன்றேறலாம்' என்று தான் நினைத்தது அவருக்கு நினைவு வந்தது. காபி குடித்ததும் நினைவு வந்தது.

வாங்கி வைத்திருந்த இருபத்திரண்டு அட்டைகளையும் எடுத்தார். ஒவ்வொரு துளைப்பானுக்கும் ஊசி அமைப்பு வேறு வேறு; அட்டையில் விழும் ஓட்டையின் வடிவமும் வேறு வேறு. முப்பது வருடமாக அவர் ஓட்டைகளை எண்ணுவாரே தவிர, உற்றுப் பார்த்ததில்லை. இன்று பார்த்தார். ஏழாவது கட்டத்தில் முக்கோணம். எட்டாவது கட்டத்திலும் அதே முக்கோணம்.

இருபத்திரண்டிலும்.

மெல்கர் இறங்கி வந்தான். முகம் சிவந்து, முழங்கால் வரை சேறு.

"இல்ல, குனில்லா. சத்தியமா இல்ல."

குனில்லா அவனையும் அழைத்துக்கொண்டு பஸ்ஸின் படியில் ஏறினார். கொடியை உயர்த்திப் பிடித்தார்.

"எட்டாவது இதுதான். காலையிலேர்ந்து என் கார் டிக்கியில இருக்கு. மாட்ட மறந்தது நான்."

ஹாம்பஸ் குனிந்து தன் ஷூ கயிற்றை அவிழ்த்துக் கட்டினான்.

"அப்போ..." படியில் நின்றபடி மெல்கர் மெதுவாகக் கேட்டான். "நான் இன்னொரு தடவை ஏறணுமா?"

"வேண்டாம். போய் உக்காரு."

அன்று மாலை குனில்லா ஒட்டிய பட்டியலில் தேர்ச்சி பெற்றவன் ஒரே ஒருவன்.

மறுநாள் காலை தலைமையாசிரியைக்குப் பெற்றோரிடமிருந்து பத்தொன்பது மின்னஞ்சல்கள் வந்திருந்தன. பத்தொன்பதும் ஆசிரியையின் கவனக்குறைவைப் பற்றியவை.