அண்ணாத்தேக்கு ஏத்தின ஸ்கோர்

"பிராடு! பச்சைப் பிராடு இது!"

நாகேந்திரன் போட்ட சத்தத்துல, நெமிலிச்சேரி கேமிங் சென்டர்ல ஹெட்போன் மாட்டிக்கினு இருந்தவனுங்ககூட திரும்பிப் பாத்தானுங்க.

எங்க டீம்ல நாலே பேர். கேப்டன் நாகேந்திரன், அம்பத்தூர் எஸ்டேட்ல ப்ரஸ் மிஷின் ஓட்டுறவர். கள்ளிக்குப்பம் ஜெயப்பிரியா. அசோக்குன்ற நான். அப்புறம் கோவில்பதாகை கன்னியப்பன், ஷேர் ஆட்டோக்காரர். அம்பது வயசு தாண்டியும் இந்தக் கேம் கிறுக்கு மனுசனை வுடலை. வயசுல மூத்தவர்ன்றதால எனக்கும் ஜெயப்பிரியாவுக்கும் அவர் 'அண்ணாத்தே'.

ஆன்லைன்ல நாலு பேரும் சேந்து ஒரு அரக்கனை அடிச்சுக் கொல்லணும், அதான் ஆட்டம். யார் எவ்ளோ அடிச்சாங்கன்னு கேம் சொல்லாது. அதுக்குன்னு ஜெயப்பிரியா ஒரு ஆட்-ஆன் எழுதி வெச்சிருக்கு. கேம் மேலயே ஒட்டிக்கினு ஓடுற குட்டி புரோகிராம். திரையோரத்துல ஒரு பெட்டி வந்து ஒவ்வொருத்தர் ஸ்கோரையும் காட்டும்.

அடுத்த வாரம் போட்டி. கிஷோர்னு ஒரு சூரப்புலி, டீம்ல சேர்றேன்னு வந்து நிக்கிறான். நாலு பேருக்கு மேல எறங்க முடியாது. "இன்னைக்கு ஆட்டத்துல யார் ஸ்கோர் கடைசியோ, அவங்க வெளிய"ன்னு நாகேந்திரன் சொல்லிட்டார். ஆடி முடிச்சோம். கடைசி, எங்க அண்ணாத்தே.

அதோட வுட்டிருக்கலாம். நாகேந்திரன் சும்மா இல்லாம ஸ்கோரைக் கூட்டிப் பாத்தார்.

"அரக்கனோட உயிர் பத்தாயிரம். நாலு பேர் அடியையும் கூட்டினா பதினோராயிரம் வருது. இன்னாம்மா ஜெயா, செத்தவனையா அடிச்சோம்?"

ஜெயப்பிரியா முகம் வெளுத்துப் போச்சு.

"யாருக்கோ ஏத்திப் போட்டிருக்கே. யாருக்கு?"

"விடுங்கண்ணா."

"யாருக்குன்னு கேக்குறேன்ல?"

"அண்ணாத்தேக்கு..." வாய்க்குள்ளயே முணுமுணுத்துச்சு.

"அடப்பாவி! ஏத்திப் போட்டும் மனுசன் கடைசியா? அப்போ நெஜ ஸ்கோர் இன்னா லட்சணத்துல கீதோ!" நாகேந்திரன் சிரிச்ச சிரிப்பு எனக்கே கஷ்டமா இருந்துச்சு. "கன்னியப்பன்தானே வந்து கேட்டார்?"

"ஆமா. அவர்தான் கேட்டார்."

எனக்குச் சுர்ருன்னு ஏறிச்சு. சீ, இவ்ளோ வயசாகி, ஒரு பொண்ணுகிட்ட போய்க் கெஞ்சி ஸ்கோர் திருடணுமா? பக்கத்துலயே நிக்கிறார், இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லலை.

"இன்னா அண்ணாத்தே, வெக்கமா இல்ல?"ன்னு கேட்டே வுட்டேன்.

"தப்புதான் நைனா, வுடு"ன்னார். அப்புறம் நாகேந்திரன் பக்கம் திரும்பி, "கோச்சிக்காதே அண்ணாத்தே. நா போய்க்கிறேன். அந்தப் புள்ளைய ஒண்ணும் சொல்லாதே. கிஷோரை வெச்சிக்கினு நல்லா ஆடு, இன்னா?"ன்னு ஆட்டோ சாவியை எடுத்துக்கினார்.

"இருங்க, போறதுதான் போறீங்க, பாத்துட்டே போங்க. ஜெயா, அந்தக் கள்ள ஸ்கோரை எடுத்துட்டு நெஜ ஸ்கோரைப் போடு."

"வேணாண்ணா."

"போடுன்றேன்!"

"வாணாம் தாயி!" அண்ணாத்தே பதறிட்டார். "நாந்தான் போறேன்றேனே, அப்பால இன்னாத்துக்கு?"

அவர் பதறப் பதற நாகேந்திரனுக்கு இன்னும் ஏறிச்சு. "பயமா கீதா? போடு ஜெயா!"

அவ்ளோதான். ஜெயப்பிரியா கண்ணுல தண்ணி முட்டிக்கிச்சு. படபடன்னு கீபோர்டைத் தட்டி, ஏத்தி வெச்ச ஆயிரத்தை எடுத்துட்டு, அதே ஆட்டத்துக்கு மறுபடி ஸ்கோரைக் காட்டுச்சு.

மொதல்ல ஜெயப்பிரியா. அடுத்து நான். மூணாவது கன்னியப்பன்.

கடைசி, நாகேந்திரன்.

மனுசன் திரையையே பாத்தார். அப்புறம் மவுஸ் மேல இருந்த தன்னோட வலது கையைப் பாத்தார். போன வருசம் ப்ரஸ் மிஷின்ல மாட்டி, ரெண்டு வெரல் மடங்காமப் போன கை. அதோடதான் திரும்பி ஆட வந்திருந்தார். பெட்டியில வந்த ஸ்கோரை நம்பி, "பழைய மாதிரியே பின்றீங்களே"ன்னு நான்கூட தட்டிக் குடுத்துக்கினு இருந்தேன்.

"அண்ணாத்தேக்கு ஏத்தினேன்னு சொன்னியே ஜெயா..." நாகேந்திரன் இழுத்தார். "கன்னியப்பன் வந்து கேட்டார்னியே..."

"ஆமாண்ணா. 'கை போச்சேன்னு அண்ணாத்தே ஏற்கெனவே ஒடஞ்சிபூட்டாரு, தான் கடைசின்னு தெரிஞ்சா ஆட்டத்தையே வுட்ருவாரு, கொஞ்சம் ஏத்திப் போடும்மா'ன்னு இவர்தான் வந்து கெஞ்சினார்." ஜெயப்பிரியா கண்ணைத் தொடச்சிக்கிச்சு. "அவர் சொன்ன வார்த்தையைத்தான் நானும் சொன்னேன். இங்க உங்களை அண்ணாத்தேன்னு கூப்புடுறது இவர் ஒருத்தர்தானேண்ணா?"