மூன்று வாரச் சங்கம்

"லிஸ்ட் எங்க?" என்று கேட்டாள் சூப்பர்வைசர் கனகேஸ்வரி.

வெள்ளை அங்கியின் பைக்குள் போன ருக்குமணியின் கை அங்கேயே நின்றுவிட்டது.

தேநீர் இடைவேளை. பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையின் சாமான் அறையில் அவர்கள் இருவர் மட்டும். கேண்டீன் பக்கம் வழக்கமான சிரிப்புச் சத்தம் இல்லை. காலையிலேயே எல்லாரும் பேப்பர் பார்த்திருந்தார்கள்.

மூன்று வாரத்துக்கு முன்னால்தான் அமைச்சர் சொல்லியிருந்தார், எலெக்ட்ரானிக்ஸ் தொழிலாளர்களும் இனிச் சங்கம் வைத்துக்கொள்ளலாம் என்று. பதினைந்து வருஷமாகக் கிடையாது என்றிருந்தது. அன்று அக்கரைப் பாகான் டாலாம் பெண்கள் ஏறிய பஸ்ஸில், பாலம் தாண்டும்வரை பாட்டு ஓயவில்லை.

இன்றைய பேப்பரில் பேச்சு மாறிவிட்டது. நாடு முழுவதற்குமான சங்கம் கிடையாது. அந்தந்தத் தொழிற்சாலைக்குள் வேண்டுமானால் ஒன்று வைத்துக்கொள்ளலாம். வெளிநாட்டு முதலாளி முகம் சுளித்தால் தாய்லாந்துக்குப் போய்விடுவான், வேலை போனால் ஓட்டும் போய்விடும், அதுதான் அரசாங்கம் பின்வாங்கிவிட்டது என்று கேண்டீனில் பேசிக்கொண்டார்கள்.

மேனேஜர் காலையிலேயே கனகேஸ்வரியைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். வெளிச் சங்கத்துக்குக் கையெழுத்து வாங்கியவள் யார், போட்டவர்கள் யார், அந்தத் தாள் இன்றைக்கே வேண்டும்.

"என் பேர மட்டும் குடுங்கக்கா," என்றாள் ருக்குமணி கடைசியில். "மத்தவங்க பாவம். சந்திரிகா மாசமா இருக்கா."

பையிலிருந்ததை எடுத்து நீட்டினாள். எட்டுத் தாள்கள். வியர்வையில் ஓரம் சுருண்டிருந்தன. கனகேஸ்வரி மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தாள். தமிழ்ப் பெயர்கள், மலாய்ப் பெயர்கள், சீனப் பெயர்கள். ஒருத்தி பள்ளிக்கூடத்துப் பிள்ளைபோல் குண்டு குண்டாக எழுதியிருந்தாள்.

சுலைஹாவின் எழுத்தும் இப்படித்தான் இருக்கும்.

எழுபத்துநாலில் கனகேஸ்வரியும் சுலைஹாவும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். அப்போது தீவில் வேலைக்குப் பஞ்சம். ஜார்ஜ் டவுன் காப்பிக் கடைகளில் படித்த பிள்ளைகள் பகல் முழுக்க உட்கார்ந்திருப்பார்கள். வேலை கொடுக்காமல் ஓட்டுக் கேட்டுப் போக முடியாது. அரசாங்கம் வயலை மேடாக்கி வெளிநாட்டுக்காரனை அழைத்தது. சங்கத் தொந்தரவு இருக்காது என்று வாக்கும் கொடுத்தது.

பதினெட்டு வயதுக்காரிகளுக்கு அதெல்லாம் என்ன தெரியும்?

குமாஸ்தா வீட்டுப் பெண் தொழிற்சாலைக்குப் போவதா என்று யாழ்ப்பாணத்து அப்பா ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. கனகேஸ்வரி அதையும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பக்கத்து நாற்காலியில் சுலைஹா இருந்தாள்.

தன் ஊரான பாலிக் புலாவிலிருந்து வரும்போது சர்க்கரையில் ஊறிய ஜாதிக்காய்த் துண்டுகளைக் கைக்குட்டையில் முடிந்து கொண்டுவருவாள். யாரும் பார்க்காத நேரத்தில் கனகேஸ்வரியின் முகமூடிக்குள் ஒன்றைத் தள்ளிவிடுவாள். தலைமயிரைவிட மெல்லிய தங்கக் கம்பியை மைக்ராஸ்கோப்பில் பார்த்து ஒட்டிக்கொண்டே இருவரும் வாய்க்குள் பாடுவார்கள்.

முதல் சம்பளத்தில் கேம்பல் தெருவில் ஒரே மாதிரி இரண்டு ஜோடிச் செருப்பு வாங்கினார்கள். புதுச் செருப்போடு கடற்கரைவரை நடந்தே போனார்கள். கொப்புளம் கண்ட கால்களை நீட்டிக்கொண்டு, எதற்கென்றே தெரியாமல் பொழுது சாயும்வரை சிரித்தார்கள்.

அந்த மாதிரிச் சிரிப்பு அதற்குப் பிறகு கனகேஸ்வரிக்கு வந்ததில்லை.

எழுபத்தேழில் சுலைஹாவும் ஒரு லிஸ்ட் எழுதினாள். பள்ளி நோட்டில் கிழித்த ஒரே தாள். ஒரு திங்கட்கிழமை காலையில் முப்பத்தொரு பேரை வாசலிலேயே நிறுத்தி வீட்டுக்கு அனுப்பினார்கள்.

சுலைஹா பாலிக் புலாவோடு இருந்துவிட்டாள். கல்யாணம், பிள்ளைகள். இன்றைக்கும் ஒவ்வொரு ஹரி ராயாப் பெருநாளுக்கும் பஸ் டிரைவர் அப்துல் ரஹீமிடம் ஒரு பாட்டில் பலகாரம் கொடுத்துவிடுவாள். மூடியில் 'கனகாவுக்கு' என்று எழுதியிருக்கும்.

"அக்கா..." என்றாள் ருக்குமணி.

கனகேஸ்வரி அலமாரியிலிருந்து அசிட்டோன் டின்னை இறக்கினாள். பலகைகளில் ஒட்டிய பசையைத் துடைக்க வைத்திருப்பது. அகலத் தட்டில் ஊற்றி, முதல் தாளை அமிழ்த்தினாள்.

பேனா மை நீலப் புகைபோலக் கிளம்பியது. பெயர்கள் ஒவ்வொன்றாகக் கரைந்தன.

ருக்குமணி பதறிப்போய் அவள் கையைப் பிடித்தாள்.

"பேரெல்லாம் ஒன் தலைக்குள்ள இருக்குல்ல? அது போதும்லா," என்றாள் கனகேஸ்வரி. "லிஸ்ட்டே கெடைக்கலன்னு நான் சொல்லிக்கிறேன். கத்துனா கத்தட்டும்."

எட்டாவது தாளும் வெளுத்தது. ருக்குமணிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

"இதுல மை போகும்னு எப்படிக்கா தெரியும்?"

"பழைய ஆளுலா நான். போ, மணி அடிக்கப் போறான்."

ருக்குமணி கண்ணைத் துடைத்துக்கொண்டு தன் வரிசைக்கு ஓடினாள்.

கனகேஸ்வரி தட்டின் முன்னால் அப்படியே நின்றாள். நீலம் கலங்கிக்கொண்டிருந்தது.

பத்திரமாக வைத்திரு என்று சொல்லி, சுலைஹா அந்த ஒற்றைத் தாளை நம்பிக் கொடுத்தது அவளிடம்தான். அதில் முப்பத்திரண்டு பெயர்கள் இருந்தன. அந்தத் தாளோடு மேனேஜர் அறைக் கதவைத் தட்டுவதற்கு முன்னால், இதே அறையில், பஞ்சை அசிட்டோனில் நனைத்துத் தன் பெயரை மட்டும் அவள் துடைத்திருந்தாள்.