முள் பார்க்கும் பக்கம்

மூன்று போர்களில் வாங்கிய குண்டுச் சில்லுகள் உடம்பிலேயே தங்கிவிட்டதால், கிழத் தளபதி அறைக்குள் இருந்தால் திசைகாட்டி முள் வடக்கை விட்டுவிட்டு அவரையே பார்க்கிறது. நேற்று அதை நம்பி மீட்கப் போனவர்கள் சுற்றிச்சுற்றி அவர் மேசைக்கே வந்து சேர்ந்தார்கள். குன்றில் மாட்டிக்கொண்ட நாற்பது வீரர்கள் இன்றும் புகை போட்டுக் காத்திருக்கிறார்கள். "நான் இருந்தா வழி தப்பும். இனிமே நீதாம்மா தளபதி," என்று வரைபடப் பையை இளம் அதிகாரியிடம் கொடுத்துவிட்டு முற்றத்துக்கு நடக்கிறார். பீரங்கிச் சத்தத்தில் ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது. "இவ்வளவு தூரம் போதுமா?" என்று அங்கிருந்து கேட்கிறார். "இன்னும் உங்களையேதான் பாக்குதுங்கய்யா." "முப்பது வருஷப் பழக்கம், சட்டுனு விடுமா?" அவர் வெளிக்கதவைத் தாண்டியதும் முள் வடக்கே பார்த்து நிற்கிறது. அவள் புகையின் திசையை அளந்து ஆட்களை அனுப்புகிறாள். அவரைத் திரும்பக் கூப்பிட யாருக்கும் தோன்றவில்லை. அவரும் மணல் மூட்டையில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றுகிறார்.